முற்றமும் அறையும்: தமிழ்நாட்டு அங்கன்வாடி மையங்களில் குழந்தைகளின் உடலியக்கத்தை விரிவுபடுத்தல்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டு அங்கன்வாடி மையங்கள் குழந்தையின் உணவையும் எடையையும் கண்காணிப்பதில் நீண்ட பட்டறிவு உடையவை. அக்குழந்தை நாள்தோறும் எவ்வளவு நேரம் ஓடியது, ஏறியது, குதித்தது என்பது அக்கண்காணிப்புக்கு வெளியே நிற்கிறது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதலையும், ஸ்காட்லாந்து, அமெரிக்கா, குவாத்தமாலா ஆகிய நாடுகளில் நிகழ்ந்த ஆய்வுகளையும், இந்திய அரசின் இடவசதி நெறியையும் ஒப்புநோக்கும் இக்கட்டுரை, உடலியக்கத்தைத் தனிப் பாடவேளையாகச் சேர்ப்பதைவிட மையத்தின் நாளொழுங்கில் பல சிறு பொழுதுகளாகப் பரப்புவதே பயன்தரும் என்பதை விளக்குகிறது. அதற்குத் தடையாக இருப்பவை இடப்பற்றாக்குறையும் ஆள்பற்றாக்குறையுமே அன்றிக் கருவிகளின் குறைவன்று என்பதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: அங்கன்வாடி, முன்பருவக் கல்வி, உடலியக்கம், ஊட்டச்சத்து, விளையாட்டு, இடவசதி நெறிகள்

முன்னுரை

‘அங்கன்வாடி’ என்னும் சொல்லின் முற்பகுதி முற்றத்தைக் குறிப்பது. மராட்டியக் கடலோரச் சிற்றூரான போர்டியில் 1945இல் கிராமப்புறக் குழந்தைக் கல்விப் பணியைத் தொடங்கிய தாராபாய் மோடக், பழங்குடிக் குழந்தைகள் பள்ளியைத் தேடி வராத நிலையில், பள்ளியை அவர்களது குடியிருப்பின் முற்றத்துக்கே கொண்டுசென்றார். அவருடன் இணைந்து பணியாற்றிய அனுதாய் வாக் அம்முறையை மேலும் வளர்த்தெடுத்தார். முற்றத்தில் நடந்த அந்த வகுப்பே அங்கன்வாடி எனப்பட்டது. 1975 அக்டோபர் 2 அன்று நாடெங்கும் 33 இடங்களில் சோதனை முறையில் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் அப்பெயரையே தன் மையங்களுக்குச் சூட்டிக்கொண்டது. பெயர் நிலைத்துவிட்டது, முற்றம் பல ஊர்களில் நிலைக்கவில்லை.

தமிழ்நாட்டில் இம்மையங்களின் உருவாக்கத்தில் உணவுக்குத் தனியிடம் உண்டு. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டமும், 1982 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த சத்துணவுத் திட்டமும் சிற்றூர்தோறும் குழந்தைகள் ஒன்றுகூடி உண்ணும் இடமொன்றை ஏற்படுத்தின. இன்று 54,000க்கும் மேற்பட்ட மையங்கள் இம்மாநிலத்தில் இயங்குகின்றன. ஊர்ப்புறத்துப் பெற்றோர் இன்றும் அவற்றைப் ‘பால்வாடி’ என்றே அழைப்பர். பிள்ளை அங்கே ‘சாப்பிட்டுத் தூங்கி வருகிறது’ என்று அவர்கள் சொல்வதில் குறை கூறும் நோக்கம் இல்லை. மையத்தின் நாளொழுங்கை அவர்கள் உள்ளபடியே சொல்கின்றனர். உண்டலுக்கும் உறங்கலுக்கும் இடையிலுள்ள பொழுதில் குழந்தையின் உடல் என்ன செய்கிறது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

மூன்று மணி நேரமும் அதன் கணக்கும்

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென உலக நலவாழ்வு நிறுவனம் 2019 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு வயது முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் பல்வேறு வகையான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்கிறது. மூன்று, நான்கு வயதினருக்கு அதில் 60 நிமிடமேனும் மூச்சு வாங்கும் அளவுக்கு மிதமானதாகவோ கடுமையானதாகவோ அமைய வேண்டும். குழந்தையை ஒரே இடத்தில் கட்டுப்படுத்தி வைத்திருக்கும் நேரம் ஒரு தடவைக்கு ஒரு மணியைக் கடக்கலாகாது என்பதும் அவ்வழிகாட்டுதலின் ஒரு கூறு.

மூன்று மணி நேரம் என்றதும் அது எட்டாத இலக்கு என்னும் எண்ணம் எழுவது இயல்பு. சிறு குழந்தையின் இயக்கம் வளர்ந்தவரின் உடற்பயிற்சியைப் போலத் தொடர்ச்சியானதன்று என்பதை நினைவிற்கொண்டால் அவ்வெண்ணம் மாறும். குழந்தை சில நொடிகள் ஓடும், நிற்கும், குனிந்து எதையோ எடுக்கும், மீண்டும் ஓடும். 180 நிமிடம் என்பது இத்துணுக்குகளின் கூட்டுத்தொகை. தடையில்லாத திறந்தவெளியில் விடப்பட்ட மூன்று வயதுக் குழந்தை அவ்வளவை எவரும் சொல்லாமலே எட்டக்கூடும். குழந்தையை இயங்க வைப்பது எவ்வாறு என்று கேட்பதைவிட, இயல்பாக இயங்கும் குழந்தையை எது உட்கார வைக்கிறது என்று கேட்பதே பொருத்தம்.

அமெரிக்கத் தென் கரோலினாப் பகுதி முன்பருவப் பள்ளிகளில் வில்லியம் பிரவுன், ரஸ்ஸல் பேட் முதலியோர் நிகழ்த்தி 2009இல் வெளியிட்ட உற்றுநோக்கல் ஆய்வு இவ்வினாவுக்கு அடிப்படை தருகிறது. பதிவுசெய்யப்பட்ட இடைவெளிகளில் 89 விழுக்காட்டில் குழந்தைகள் அசைவின்றியோ அமர்ந்தோ இருந்தனர். இலேசான இயக்கம் 8 விழுக்காடு. மிதமான அல்லது கடுமையான இயக்கம் 3 விழுக்காடு மட்டுமே. விளையாட்டுத் திடலும் கருவிகளும் உடைய பள்ளிகளின் நிலை இது. ஆசிரியர் குழந்தைகளை ஓடியாடத் தூண்டிய தருணங்களும் மிக அரிதாகவே காணப்பட்டன. இவ்விகிதத்தை அப்படியே தமிழ்நாட்டுக்குப் பொருத்துதல் முறையன்று. ஆயினும் அளவை உணர்வதற்காக ஒரு கணக்கிட்டுப் பார்க்கலாம். குழந்தை மையத்தில் விழித்திருக்கும் நேரம் நான்கு மணி எனக் கொண்டால், இவ்விகிதப்படி அது அசையும் நேரம் ஏறத்தாழ 26 நிமிடம். மூச்சு வாங்க ஓடும் நேரம் 7 நிமிடம். இந்நிலையில் எஞ்சிய இரண்டரை மணி நேர இயக்கத்தை வீடும் தெருவுமே தர வேண்டியிருக்கும். வாகனங்கள் விரையும் தெருவில் குழந்தையை விளையாட விடும் பெற்றோர் நகரங்களில் அருகிவருகின்றனர்.

உணவும் ஓட்டமும்

அங்கன்வாடிச் சூழலில் உடலியக்கம் பற்றிப் பேசும்போது முதலில் எழும் தடை ஊட்டச்சத்து சார்ந்தது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் அற்றவர். 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற எடை அற்றவர். ஆறு மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளுள் 57.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. இத்தகைய குழந்தைகளை ஓடவிடுவது, அரும்பாடுபட்டு ஊட்டிய உணவை வீணாக்குவதாகாதா? எடை கூடவில்லையே என மேற்பார்வையாளருக்கு விடை சொல்ல வேண்டிய பணியாளருக்கு இவ்வினா எழுவதில் வியப்பில்லை. குழந்தை அமைதியாக உட்கார்ந்திருந்தால் எடை ஏறும் என்பது வீடுகளிலும் நிலவும் நம்பிக்கை.

இந்நம்பிக்கையை நேரடியாகச் சோதித்த ஆய்வு குவாத்தமாலாவில் நிகழ்ந்தது. மத்திய அமெரிக்க, பனாமா ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சேர்ந்த பெஞ்சமின் டோருன், பெர்னாண்டோ விட்டேரி முதலியோர் 1970களில், புரத-ஆற்றல் குறைபாட்டிலிருந்து மீண்டுவந்த சிறு குழந்தைகளை இரு பிரிவாக்கினர். இரு பிரிவினருக்கும் ஒத்த உணவே வழங்கப்பட்டது. ஒரு பிரிவினர் விளையாட்டின் வழியே கூடுதலாக இயங்கத் தூண்டப்பட்டனர். மற்றப் பிரிவினர் வழக்கம்போல் விடப்பட்டனர். கூடுதலாக இயங்கிய குழந்தைகளே உயரத்தில் மிகுதியாக வளர்ந்தனர். ஆய்வுக்குட்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை சிறிது என்பதால் இம்முடிவை எல்லா நிலைக்கும் விரித்துரைக்க இயலாது. எனினும், போதிய உணவு கிடைக்கும்போது ஓட்டம் வளர்ச்சியைக் குறைக்கும் என்னும் அச்சத்துக்கு இவ்வாய்வு இடமளிக்கவில்லை.

இதனோடு இணைத்துக் காணத்தக்கது புனே நகரை அடுத்த சிற்றூர்களில் சித்தரஞ்சன் யாஜ்னிக் தலைமையில் நிகழ்ந்த ஆய்வு. 2003இல் வெளியான அதன் முடிவுகளின்படி, அங்குப் பிறந்த குழந்தைகள் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரக் குழந்தைகளைவிட எடையில் மிகக் குறைந்திருந்தனர். ஆனால் அக்குறைவு தசையில் தெரிந்த அளவுக்குத் தோலடிக் கொழுப்பில் தெரியவில்லை. மெலிந்து காணும் இந்தியக் குழந்தையின் உடலிலும் கொழுப்பு ஒப்பீட்டளவில் மிகுந்தும் தசை குறைந்தும் இருக்கக்கூடும் என்பதே இதன் உட்பொருள். எடைக்கருவி தசையையும் கொழுப்பையும் பிரித்துக் காட்டுவதில்லை. உணவு எடையைத் தரும். அவ்வெடை தசையாக உருப்பெறுவதில் இயக்கத்துக்குப் பங்குண்டு. கடும் எடைக்குறைவுடைய குழந்தைக்கும், இரத்தசோகையால் விரைவில் களைப்புறும் குழந்தைக்கும் மருத்துவ அறிவுரை தேவை என்பதில் ஐயமில்லை. அவர்களைக் காரணம் காட்டி மையத்திலுள்ள அனைவரையும் பாயில் உட்கார வைப்பது பொருந்தாது.

கூடுதல் பாடவேளை ஏன் போதவில்லை

உடலியக்கத்தை விரிவுபடுத்த வேண்டும் என்று முடிவெடுக்கும் நிர்வாகம் முதலில் நாடும் வழி, கால அட்டவணையில் ஒரு பாடவேளையைச் சேர்ப்பது. அவ்வழியை முறையாகச் சோதித்தது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர ஆய்வு. ஜான் ரைலி தலைமையிலான குழு 36 மழலையர் பள்ளிகளில் 545 குழந்தைகளைத் தெரிவுசெய்து, பாதிப் பள்ளிகளில் வாரம் மூன்று முறை, ஒவ்வொன்றும் 30 நிமிடம் என 24 வாரங்களுக்கு இயக்க வகுப்புகளை நடத்தியது. 2006இல் வெளியான முடிவு ஏமாற்றமளிப்பது. குழந்தைகளின் உடல்நிறை குறியீட்டெண்ணிலும், கருவிகொண்டு அளந்த மொத்த இயக்கத்திலும் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. வாரத்துக்கு 90 நிமிடம் என்பது நாளொன்றுக்குச் சராசரியாக 13 நிமிடத்துக்கும் குறைவு. 180 நிமிடத்தை வேண்டும் வாழ்வில் அது தடம் பதிக்காமற் போனதில் வியப்பதற்கில்லை.

எனினும் அவ்வாய்வைத் தோல்வி என்று ஒதுக்குவது பிழை. வகுப்புகளில் பங்கேற்ற குழந்தைகளின் அடிப்படை இயக்கத் திறன்கள், அதாவது தாவல், சமநிலை, எறிதல், பிடித்தல் போன்றவை, மற்றவர்களைவிட மேம்பட்டன. இயக்கத்தின் அளவு வேறு, இயக்கத்தின் திறன் வேறு. முன்னதற்கு நாள் முழுதும் பரந்த வாய்ப்பு வேண்டும். பின்னதற்குக் கற்பித்தல் வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறியாத திட்டங்கள் ஒன்றைச் செய்துவிட்டு மற்றதன் பயனை எதிர்பார்க்கின்றன.

திறன் படிப்படியாக வளர்வது என்னும் அறிவு தமிழுக்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழின் பருவ வைப்பே குழந்தையின் உடல் செய்வதைக்கொண்டு காலத்தை அளக்கிறது. ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டிக் கைகளை ஊன்றித் தலையசைக்கும் செங்கீரை, கைகொட்டும் சப்பாணி, தளர்நடையிட்டு வரும் வருகை, பறை முழக்கும் சிறுபறை, தேர் உருட்டும் சிறுதேர் என அவ்வரிசை விரியும். இறுதிப் பருவங்கள் பாலினத்தால் பிரிவதும் கருதத்தக்கது. ஆண்பாற் பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் எனவும், பெண்பாற் பிள்ளைக்குக் கழங்கு, அம்மானை, நீராடல், ஊசல் ஆகியவற்றிலிருந்தும் பருவங்கள் அமைக்கப்பெறும். முன்பருவப் பள்ளிகளில் ஆண் குழந்தைகள் பெண் குழந்தைகளைவிட மிகுதியாக இயங்குவதாக இன்றைய ஆய்வுகள் காட்டுகின்றன. ‘பெண் பிள்ளை ஓடக் கூடாது’ என்னும் வீட்டுச் சொல் எவ்வளவு முன்னதாகவே உடலில் பதிகிறது என்பதை இவ்விடைவெளி எண்ணவைக்கிறது.

பாடவேளைக்கு மாற்றாகப் பரவல் முறையைச் சோதித்தது ரஸ்ஸல் பேட் குழுவினரின் மற்றோர் ஆய்வு. தென் கரோலினாவின் 16 முன்பருவப் பள்ளிகளில் நடந்த அதில், ஆசிரியர்க்குக் கட்டாயமான பாடத்திட்டம் எதுவும் தரப்படவில்லை. வகுப்பறைக்குள்ளும் வெளியிலும் வழக்கமான பாடங்களுக்கிடையேயும் இயக்கத்தை எவ்வாறு புகுத்தலாம் என்பது மட்டும் பயிற்றுவிக்கப்பட்டது. தத்தம் வகுப்புக்கேற்ப மாற்றிக்கொள்ளும் உரிமை ஆசிரியரிடமே விடப்பட்டது. 2016இல் வெளியான முடிவின்படி, பயிற்சி பெற்ற பள்ளிகளில் மிதமான, கடுமையான இயக்கம் மணிக்கு 7.4 நிமிடம், மற்றவற்றில் 6.6 நிமிடம். வேறுபாடு சிறிதே. ஆயினும் புதிய ஆசிரியரோ புதிய கட்டடமோ இன்றிக் கிடைத்த பயன் அது.

வெளியே செல்லும் நேரத்தைப் பற்றியும் தெளிவு வேண்டும். நேரத்தை நீட்டித்தால் மட்டும் இயக்கம் பெருகிவிடுவதில்லை என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. குழந்தைகள் வெளியே வந்த முதல் சில நிமிடங்களிலேயே மிகுதியாக ஓடுகின்றனர்; பின்னர்ச் சிறு குழுக்களாக அமர்ந்துவிடுகின்றனர். ஆகவே ஒரு மணி நேரத்தை ஒரே தவணையாகத் தருவதைவிட, 15 நிமிடமாக நான்கு முறை வெளியே விடுவது கூடுதல் பயனளிக்க வாய்ப்புண்டு. வெயில் கடுமையான தமிழ்நாட்டில் இது வசதியும்கூட: காலையில் வந்தவுடன் ஒருமுறை, பாட்டு, கதை நேரத்துக்குப்பின் நிழலில் ஒருமுறை, உறக்கம் கலைந்து வெயில் தணிந்தபின் மேலும் இருமுறை என அமைத்துக்கொள்ளலாம்.

ஒரு குழந்தைக்கு ஒரு சதுர மீட்டர்

வெளியே விடலாம், வெளி இருக்க வேண்டுமே! இந்திய அரசின் 2013ஆம் ஆண்டு முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு, கல்விக் கொள்கை 30 குழந்தைகள் கொண்ட குழுவுக்கு 35 சதுர மீட்டர் அறையையும் 30 சதுர மீட்டர் திறந்த இடத்தையும் குறைந்தபட்ச அளவாக வகுக்கிறது. திறந்த இடத்தில் ஒரு குழந்தைக்குக் கிடைப்பது ஒரு சதுர மீட்டர். ஆஸ்திரேலியாவின் தேசிய விதிகள் ஒரு குழந்தைக்கு 7 சதுர மீட்டர் திறந்த இடம் வேண்டும் என்கின்றன. ஒரு சதுர மீட்டரில் குழந்தை நிற்கலாம், சுழலலாம், குதிக்கலாம், ஓட இயலாது. வாடகை வீட்டில், மாடிப்படிக்குக் கீழ், தெருவோரத்தில் இயங்கும் நகர்ப்புற மையங்களுக்கு இச்சிறு நெறிகூட எட்டுவதில்லை.

குழந்தைகளைப் பத்துப் பத்தாகப் பிரித்து வெளியே விட்டால் அதே 30 சதுர மீட்டரில் ஒருவருக்கு மூன்று சதுர மீட்டர் கிடைக்கும். கருவிகளைப் பற்றியும் ஆய்வுலகம் பயனுள்ள செய்தியொன்றைத் தருகிறது. மார்ஷா டவுடா முதலியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, நிலத்தில் பதித்த பெருங்கருவிகள் மிகுந்த பள்ளிகளைவிட, எடுத்துச் செல்லத்தக்க சிறு கருவிகள் மிகுந்த பள்ளிகளில் குழந்தைகள் கூடுதலாக இயங்கியதைக் காட்டியது. சறுக்குமரத்தில் ஒரு குழந்தை ஏறும்போது மற்றவர் வரிசையில் காத்திருப்பர். பந்தும் வளையமும் ஆளுக்கொன்று கிடைக்கும். சறுக்குமரம் ஒளிப்படத்தில் நன்றாகத் தெரியும், திறப்பு விழாவுக்கும் ஏற்றது. பழைய மிதிவண்டி டயர் அவ்வாறன்று. ஆனால் டயரை உருட்டும் குழந்தை அதன் பின்னாலேயே ஓடியாக வேண்டும். பட்டினப்பாலை குறிக்கும் குழந்தைகளின் மூன்றுகாற் சிறுதேரும், அண்மைக்காலம் வரை வீடுதோறும் இருந்த நடைவண்டியும் இவ்வகையைச் சார்ந்தவையே. கண்ணாமூச்சி, தட்டாமாலை, நொண்டி ஆகியவற்றுக்கு அவையும் வேண்டா. நொண்டி மூன்று வயதுக்குக் கடினம். இரு காலால் தாவிக் கட்டம் கடத்தலிலிருந்து அதைத் தொடங்கலாம்.

பணியாளரின் இரு கைகள்

இதுவரை கூறியவற்றுள் எதுவும் செலவு மிகுந்ததன்று. ஆயினும் பத்துக் குழந்தைகளை வெளியே அழைத்துச் செல்பவர் எவர் என்னும் வினாவில் அனைத்தும் தடைப்படுகின்றன. முதன்மை மையத்தில் ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் உள்ளனர். முற்பகல் முழுதும் உதவியாளர் அடுப்படியில் இருப்பார். பணியாளர் வெளியே சென்றால் உள்ளே எஞ்சிய இருபது குழந்தைகளைப் பார்க்க ஆளில்லை. குழந்தை விழுந்து முழங்கால் சிராய்த்தாலும் பெற்றோருக்கு விடை சொல்ல வேண்டியவர் அவரே. இச்சூழலில் எல்லாரையும் பாயில் அமர்த்திப் பாட்டுப் பாடுவதே பாதுகாப்பான முடிவு. அதைச் சோம்பல் என்று பழிப்பது நேர்மையன்று. வீட்டுச் சந்திப்பு, தடுப்பூசி நாள், கர்ப்பிணியர் பதிவு, 2021 முதல் கைப்பேசியில் இயங்கும் போஷன் டிராக்கர் செயலி ஆகிய யாவும் அவர்மீதே ஏறியுள்ளன.

மேற்குறித்த 2013ஆம் ஆண்டுக் கொள்கையே மூன்று முதல் ஆறு வயதினருக்கு இருபது குழந்தைக்கு ஒரு பெரியவர் என்னும் விகிதத்தை வகுத்துள்ளது. சமையலில் ஈடுபட்டவரை அக்கணக்கில் சேர்ப்பது தாளில் மட்டுமே பொருந்தும். முற்பகலில் இரண்டு மணி நேரத்துக்கேனும் மூன்றாம் நபர் ஒருவரை அமர்த்துவது கருவிகள் வாங்குவதைவிட முதன்மையானது. பள்ளி வளாகத்துக்குள் இயங்கும் மையங்கள் அப்பள்ளியின் திடலைக் குறித்த வேளைகளில் பயன்படுத்திக்கொள்ள எழுத்துவழி ஏற்பாடு செய்வதும் எளிதே.

பெற்றோரின் எதிர்பார்ப்பு மற்றொரு பக்கத்திலிருந்து அழுத்துகிறது. 2019இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. 2022இல் அவற்றை நிறுத்தும் முடிவு எழுந்து, எதிர்ப்புக்குப்பின் கைவிடப்பட்டது. தனியார் மழலையர் பள்ளிக்குக் கட்டணம் செலுத்த இயலாத குடும்பங்களுக்கு அவ்வகுப்புகள் எவ்வளவு தேவைப்பட்டன என்பதை அந்நிகழ்வு காட்டியது. பலகையில் எழுத்தெழுதும் குழந்தையைக் கண்டால் பெற்றோர் நிறைவடைகின்றனர். மண்ணில் புரண்டு வரும் குழந்தையைக் கண்டால் மையத்தை ஐயுறுகின்றனர். மாநிலத்தின் முன்பருவப் பாடத்திட்டத்துக்கு ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்றே பெயர். அப்பெயரில் முதலில் நிற்கும் வினை ஆடுதல் என்பதைப் பெற்றோர் கூட்டங்களில் எடுத்துச் சொல்வது பணியாளரின் சுமையைச் சற்றுக் குறைக்கும்.

கணக்கில் வராத இயக்கம்

நிர்வாகம் எதை எண்ணுகிறதோ அதுவே மையத்தில் நடக்கும். எடை, உயரம், வருகை, வழங்கிய உணவு ஆகியவை எண்ணப்படுகின்றன. அவை நடக்கவும் செய்கின்றன. இயக்கத்திறன் குழந்தையின் வளர்ச்சி மதிப்பீட்டில் ஒரு கூறாக இருப்பினும், அன்றாட இயக்கத்துக்குப் பதிவில் இடமில்லை. அதற்காகப் பணியாளரின் செயலியில் மேலும் ஒரு கட்டத்தைச் சேர்த்தால் குழந்தைகளோடு அவர் இருக்கும் நேரமே குறையும். தென் கரோலினா ஆய்வில் பயன்பட்ட உற்றுநோக்கல் முறை இங்குக் கைகொடுக்கும். அதில் பார்வையாளர் ஒரு குழந்தையை ஐந்து நொடி நோக்கி, அடுத்த 25 நொடியில் பதிவுசெய்வார், இவ்வாறே தொடர்வார். இதன் எளிய வடிவத்தை, மையங்களைச் சுற்றிவரும் வட்டார மேற்பார்வையாளர் மேற்கொள்ளலாம். முன்னறிவிப்பின்றி மையத்துக்குள் நுழைந்தவுடன் எத்தனை குழந்தைகள் அமர்ந்துள்ளனர், எத்தனை பேர் நிற்கின்றனர், எத்தனை பேர் ஓடியாடுகின்றனர் என ஒருமுறை எண்ணி, அப்போது குழந்தைகள் அறையில் இருந்தனரா முற்றத்தில் இருந்தனரா என்பதையும் நேரத்தையும் குறித்துக்கொள்ள ஒரு நிமிடம் போதும். ஓராண்டு வருகைகளில் திரளும் அவ்வெண்கள் தனியொரு மையத்தைத் தரப்படுத்தப் பயன்படுத்தப்படாமல், எந்த வேளையில், எவ்வகை இடத்தில், எத்தனை பெரியவர் இருக்கும்போது குழந்தைகள் இயங்குகின்றனர் என்பதை வட்டார அளவில் அறியவே பயன்பட வேண்டும்.